கையில் இல்லாததை விற்பவர் முகம் காட்டட்டும்

சிறு முதலீட்டாளர்களின் பொது வேண்டுகோள்



மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையும் ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் ஒரு பகுதியையும் பங்குச் சந்தையில் போட்டிருக்கும் சாதாரண மக்கள் நாங்கள். ஷார்ட் செல்லிங் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறோம்.

விலை இறங்கும் என்று கணித்து, கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டு, இறங்கியபின் வாங்கி நேர்செய்வதுதான் ஷார்ட் செல்லிங். அதை ஒழிக்கச் சொல்லவில்லை. ஊதிப் பெருத்த விலையைச் சுட்டிக்காட்ட யாராவது வேண்டும். தடையும் நிலைப்பதில்லை. 2001 பங்குச் சந்தைச் சரிவின்போது இந்தியாவில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தடை போட்டது; 2008-இல் பங்குகளைக் கடன் வாங்கி விற்கும் ஏற்பாட்டோடு வழி திறந்தது. 2023 நவம்பரில் தடை விதித்த தென்கொரியாவும் 2025 மார்ச் 31-இல் அதை விலக்கிக்கொண்டது.

எங்கள் புகார், ஷார்ட் அடித்துவிட்டுப் புரளி கிளப்புகிறவர்கள் மீது. ‘கம்பெனி மூழ்கப்போகிறது’ என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஒரு செய்தி ஓடுகிறது. பதறிப்போய் நாம் நஷ்டத்துக்கு விற்கிறோம். அந்தப் பங்குகளை மலிவாக வாங்கி அவர்கள் கணக்கை முடிக்கிறார்கள்.

2024 ஜனவரி 5-இல் செபி வெளியிட்ட சுற்றறிக்கை, பங்கை ஒப்படைக்க வழியில்லாமல் விற்பதைத் தடுக்கிறது. ஷார்ட் விற்பனை என்பதை நிறுவன முதலீட்டாளர்கள் ஆர்டர் போடும்போதே சொல்ல வேண்டும். சிறு முதலீட்டாளர்கள் அன்றைய வர்த்தகம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். புரோக்கர்கள் திரட்டித் தரும் இந்தக் கணக்கு மறுநாள் சந்தை திறக்குமுன் பங்குச் சந்தைக்குப் போய்விடுகிறது. பொதுமக்கள் பார்வைக்கு வருவதோ வாரம் ஒருமுறை. ஒரு மணி நேரத்தில் பரவும் புரளிக்கு ஒரு வாரம் கழித்து வரும் கணக்கு என்ன பதில் சொல்லும்?

ஆகவே நாங்கள் கேட்பவை:

1. எந்தப் பங்கில் எவ்வளவு ஷார்ட் என்ற கணக்கை அன்றாடம் வெளியிட வேண்டும்.

2. பெரிய அளவில் ஷார்ட் வைத்திருப்பவரின் பெயர் வெளிவர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவரின் ஷார்ட் அளவு கம்பெனியின் பங்கு மூலதனத்தில் 0.5 சதவீதத்தை எட்டினாலே பெயர் வெளியாகிறது.

3. ஒரு கம்பெனியைக் குறை கூறி அறிக்கை வெளியிடுபவர், அதன் பங்கைத் தாம் ஷார்ட் செய்திருந்தால் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

4. பொய்ச் செய்தியால் சம்பாதித்த பணத்தைப் பறித்து, நஷ்டப்பட்டவர்களுக்குத் தர வேண்டும். விலையை ஏற்றிவிடக் கிளப்பும் புரளிக்கும் இதே தண்டனைதான்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். சந்தைச் செய்தி எது வந்தாலும் உடனே ஃபார்வர்ட் செய்யாதீர்கள். கம்பெனி பங்குச் சந்தைக்குத் தந்த அறிவிப்பை முதலில் பாருங்கள். புரளி என்று தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு செபிக்கு எழுதுங்கள். விதிகளை மாற்றுமுன் செபி பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது; அப்போது பெரிய நிறுவனங்களின் குரல் மட்டும் போய்ச் சேரக் கூடாது. நீங்களும் நாலு வரி எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற சிறு முதலீட்டாளர்கள்