கோமகனா தோண்டினான்?

சென்னையில், மயிலாப்பூரை அடுத்துப் பக்கிங்காம் கால்வாயைக் கடக்கும் பாலமொன்றைப் பற்றி ஆங்கிலங் கற்றார் கதை சொல்லிச் சிரிப்பது வழக்கம். வெள்ளையர் இட்ட பெயர் ஆமில்டன் பாலம். மக்கள் வாயில் அது 'அம்பட்டன் வாராவதி' ஆயிற்று. ஆங்கிலர் அதனையே பொருள்பெயர்த்துப் 'பார்பர்சு பிரிட்சு' என எழுதிக்கொண்டனர்.

சிரிப்பு யாரை நோக்கி? படகு தள்ளியவனையும் வண்டி ஓட்டியவனையும் நோக்கி! அவன் செய்த பிழைதான் யாது? அயற்பெயரைத் தன் மொழியொலிக்கு இணங்கத் திரித்தான். வடசொல்லுக்கே தொல்காப்பியர் வகுத்த நெறியன்றோ அது! பெயரின் வரலாறறியாது கேட்ட ஒலியை மொழிபெயர்த்தவனே நகைப்புக்குரியவன். (வாராவதியும் தமிழன்று, தெலுங்கின் 'வாரதி'. பாலம் இருக்க அஃது எதற்கு?) தொழிற்குலத்தாரை இழித்துரைக்கும் அப்பெயர் நீங்கி இன்று அம்பேத்கர் பெயர் வழங்குவது நன்றே.

ஆனால், பாலத்தின் கீழுள்ள கால்வாயின் பெயரைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை. 1806இல் எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய அது முதலிற் கிளைவின் பெயரையும், பின்னர்க் காக்கிரேன் பெயரையும், 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரையும் சுமந்தது. தோண்டியோர் பெயரை ஒருநாளும் சுமக்கவில்லை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி 1877-78இல், தாது ஆண்டுக் கொடும்பஞ்சத்தின்போது, துயர்தணிப்பு வேலையாக வெட்டப்பட்டது. கோமகனா மண்வெட்டி பிடித்தான்? எலும்பும் தோலுமாய் வந்த ஏழையர் பிடித்தனர். 1877 தொடக்கத்தில் இரிச்சர்டு தெம்பிள் வகுத்த துயர்தணிப்பு நாட்கூலி, வளர்ந்த ஆணுக்கு ஒரு பவுண்டு தவசமும் ஓர் அணாவுமே. அதைக்கொண்டு மண்சுமக்கும் உடல் வாழாதென்று எதிர்த்தெழுதியவர் நலவாழ்வு ஆணையர் கார்னிசு, அவரும் ஆங்கிலரே. கோமகன் கூலியை உயர்த்தினானே என்பார் உளர். உயர்த்தினான், சில மாதங் கழித்து! அதற்கு ஒரு கால்வாய் முழுவதுமா பரிசு?

1990களில் பறக்கும் தொடர்வண்டிக்காக நீரோட்டத்துள்ளேயே தூண் நட்டு அதனைக் குறுக்கினர். 2008இல் 4ஆம் நாட்டு நீர்வழியில் அதனைச் சேர்த்தனர். கால்வாயைச் சாக்கடையாக்கக் கூசாத கைகள் கோமகன் பெயரைத் தொட மட்டும் நடுங்குகின்றன!

தமிழக அரசு இதற்கு 'உழைப்பாளர் கால்வாய்' எனப் பெயரிடுக. பாலந்தோறும் அப்பெயர்ப் பலகை நிற்க. அதனடியில் அந்த ஒரு பவுண்டுக் கூலியும் எழுதப்படுக.