கரையோரம் யாருக்குச் சொந்தம்?

காலாற நடப்பதற்கும் ஒரு போராட்டமா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும், சேதி கேட்டபின் சிந்திப்பார்கள்.

வேல்ஸ் நாட்டின் கடலோரம் நெடுகிலும் 1,400 கிலோமீட்டர் நடைப்பாதை உண்டு. 2012-இல் திறந்தார்கள். சீமானும் நடக்கலாம், ஆலைத் தொழிலாளியும் நடக்கலாம். கட்டணம் இல்லை, காவலாளியின் அதட்டல் இல்லை.

இது எந்தப் பிரபு போட்ட பிச்சை?

பிச்சையல்ல தோழர்களே, போராடிப் பெற்ற உரிமை! போராட்டம் மூண்டதோ கடலோரத்தில் அல்ல, இங்கிலாந்தின் மலைமேட்டில். சீமான்கள் காட்டுக்கோழி சுடுவதற்கென்று காவலிட்டு வைத்திருந்த பூமி, கிண்டர் ஸ்கவுட். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் வட்டாரத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே ஏறினர். ஐவருக்குச் சிறை! முன்னின்ற பென்னி ராத்மன் இருபது வயது வாலிபர். அவருக்கு நான்கு மாதம்.

சிறைக்கதவு மூடியது, கோரிக்கை மூடவில்லை. 1949-இல் தொழிற்கட்சி ஆட்சி நெடுவழி நடைப்பாதைகளுக்குச் சட்டம் செய்தது. இங்கிலாந்தின் கரை முழுவதற்கும் சட்டம் வர 2009 ஆயிற்று. அதிலும் மாளிகைத் தோட்டங்களுக்கு விலக்கு! அங்கெல்லாம் பாதை கடலை விட்டு விலகிச் சுற்றிப் போகிறது.

சிறைக்கும் முதற் சட்டத்துக்கும் இடையே 17 ஆண்டு. கரை வந்து சேர மேலும் 60 ஆண்டு. அன்று மலையேறியவர்களில் பலர் அந்தப் பாதையைக் கண்ணால் காணவில்லை. ஆயினும் அது அவர்கள் போட்ட பாதைதான்.

கொடுத்த மனு குப்பைக் கூடைக்குப் போயிற்றே என்று குமுறும் கிளைத் தோழரே, சோர்வு வேண்டாம். சட்டம் மெல்லத்தான் வரும். மக்கள் முன்னே நடந்தால், பின்னே வந்தே தீரும்!