பொறுப்பாளர் யார்?

மகாராஷ்டிரத்தில் ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் செல்லும் வாரி யாத்திரையில், ஆளந்தியிலிருந்து அருளாளர் ஞானேஸ்வரரின் பல்லக்கும் தேஹுவிலிருந்து அருளாளர் துக்காராமின் பல்லக்கும் புனேயில் வந்து தங்குகின்றன. உடன்வரும் லட்சக்கணக்கான வார்க்கரிகளுக்கு (வாரி யாத்ரீகர்களுக்கு) மாநகராட்சிப் பள்ளிகள் திறந்துவிடப்படுகின்றன. குடிநீர், நடமாடும் கழிப்பறை, மருத்துவ முகாம், துப்புரவு ஆகியவற்றை மாநகராட்சி பார்த்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்கு மண்டல்கள் எனப்படும் உள்ளூர் மன்றங்களும் அறக்கட்டளைகளும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

இத்தனை பேரை ஒரு நகர நிர்வாகம் சமாளிக்க முடிவதற்குக் காரணம், அவர்கள் வெறும் கூட்டமாக வருவதில்லை என்பதே. யாத்திரையின் அலகு திண்டி எனப்படும் யாத்ரீகர் குழு. ஒவ்வொரு திண்டிக்கும் வரிசை எண் உண்டு, தலைவர் உண்டு, சமையலுக்கும் மூட்டை முடிச்சுக்கும் தனி லாரி உண்டு. 1685இல் துக்காராமின் மகன் நாராயண மகராஜ் தொடங்கிய பல்லக்கு வழக்கத்துக்கு, ஞானேஸ்வரர் யாத்திரையில் இன்றுள்ள ஒழுங்கை 19ஆம் நூற்றாண்டில் ஹைபத்பாபா அர்பள்கர் வகுத்தார். அதிகாரிக்குத் தேவையான பொறுப்பாளர் அங்கே ஏற்கெனவே இருக்கிறார். புதிதாகக் குழு அமைக்க வேண்டியதில்லை.

பொறுப்பாளர் யார் என்ற இந்தக் கேள்வி நம் வாசகர்களுக்கு முக்கியம். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி பெருங்கோயில்கள் பலவற்றை அறநிலையத் துறையே நிர்வகிப்பதால், கோயிலோடு பேசுவது பெரும்பாலும் அரசு அரசோடு பேசுவதாகிவிடுகிறது. மகாராஷ்டிரத்திலோ பெரும்பாலான சமய அறக்கட்டளைகள் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறநிலைய ஆணையரிடம் பதிவுசெய்து கணக்குக் காட்டுகின்றன. அன்றாட நிர்வாகம் அறங்காவலர்கள் கையில். அதனால் உடன்பாடு இரு தனித் தரப்புகளுக்கிடையே உருவாகிறது. 2020இல் புனே ஆசம் கேம்பஸ் பள்ளிவாசலின் ஒரு தளம் கொரோனா தனிமைப்படுத்தலுக்கு வழங்கப்பட்டதும் இப்படித்தான்.

ஆனால் வாரி, கொரோனா தனிமைப்படுத்தல் இரண்டுமே நாள் குறித்த ஏற்பாடுகள். திருவிழாவும் பேரிடரும் முடிந்ததும் கைகோத்தவர்கள் கலைந்துவிடுகிறார்கள். சமுதாய மேம்பாட்டுக்கு ஆண்டு முழுவதும் நீடிக்கும் உறவு வேண்டும். களப்பணியாளர்கள் மூன்றை எழுத்தில் வாங்க வேண்டும். ஒன்று, இரு தரப்பிலும் பதில் சொல்லும் ஆளின் பெயர். இரண்டு, சேவை எம்மதத்தவருக்கும், மதமே இல்லாதவருக்கும் நிபந்தனையின்றிக் கிடைக்கும் என்ற உறுதி. மூன்று, கழிப்பறையைக் கழுவுபவருக்குக் கூலி தருவது யார் என்பது; பக்தரின் தொண்டு அந்தக் கூலிக்கு ஈடாகிவிடக் கூடாது. இம்மூன்றும் இல்லாத உடன்பாட்டில் கையெழுத்திட எந்த அமைப்பும் அவசரப்பட வேண்டாம்.