கடை யாருடைய பெயரில்?

சகோதரிகளே, சில வாரங்களுக்கு முன் வன்னியில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டம் முடிந்து வெளிக்கிடும்போது ஓர் அக்கா என்னை மறித்தார்.

"தங்கச்சி, கடைக்கு லைசன் எடுக்கவேணுமாம். தம்பியின்ர பேரில எடுத்தால் காணும்தானே? அவன் ஆம்பிளை, கந்தோருகளுக்கு அலைவான்."

வீட்டு வளவின் முன்பக்கம் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, நாலு வருடமாக இடியப்பமும் பிட்டும் தேநீரும் விற்கிறார். கணவர் 2009இல் காணாமற்போனவர். இரண்டு பிள்ளைகள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் முன்பு ஒருமுறை இதே கேள்வியை வேறொரு பெண் கேட்டபோது, "பரவாயில்லை, எடுங்கோ" என்றவள் நான்தான். கணவரின் தம்பியுடைய பெயரில் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான். விடிய நாலு மணிக்கு எழும்பி மா குழைத்தது அவர். ஆனால் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, "இந்தக் கடை உங்களுடையதல்லவே" என்றார்கள். பின்பு அந்தத் தம்பி கலியாணம் முடித்துக் கடையைத் தானே நடத்தத் தொடங்கினார். அவருக்கு எதிராகக் காட்ட அந்தப் பெண்ணிடம் ஒரு பற்றுச்சீட்டுக்கூட இருக்கவில்லை. எல்லாம் அவர் பெயரில்.

ஆகவே இந்த அக்காவுடன் திண்ணையில் இருந்து விபரமாகக் கதைத்தேன்.

முதலில், 'லைசன்' என்று நாம் சொல்வதில் இரண்டு கடதாசிகள் கலந்துள்ளன. ஒன்று வியாபாரப் பெயர்ப் பதிவு. இதைப் பிரதேச செயலகத்திற் செய்வது. 1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தில் தொடங்கிய நடைமுறை இது. வெறுமனே தன் முழுப்பெயரில் தொழில் செய்பவருக்கு அந்தச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. 'அம்மா உணவகம்' என்று பெயர் வைத்தால் பதிய வேண்டும். எப்படியிருந்தாலும் பதிந்து வைப்பது நல்லது. வங்கியில் முதலிற் கேட்பது இதைத்தான்.

மற்றது பிரதேச சபை தரும் அனுமதிப்பத்திரம். நகரப் பகுதியென்றால் நகர சபை. இது வருடாவருடம் எடுப்பது, டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். கட்டணத்தை நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இயற்றப்பட்டபோது, கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியைப் பார்த்து 500, 750, 1000 ரூபா என்றே உச்சவரம்பு வைத்தது. உங்கள் சபையில் இவ்வருடம் எவ்வளவு, வேறென்ன கட்டணம் சேரும் என்பதை அங்கேயே கேட்டறியுங்கள்.

பொதுவாக அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், அந்த இடத்தில் தொழில் செய்ய உங்களுக்குள்ள உரிமையைக் காட்டும் பத்திரம் ஆகியன கேட்பார்கள். வாடகை இடமென்றால் உடன்படிக்கை.

இந்த இடத்தில்தான் அக்கா தயங்கினார். உறுதி கணவரின் பெயரில். மரணச் சான்றிதழ் அவர் எடுக்கவில்லை, எடுக்கப் போவதுமில்லை. நான் வற்புறுத்தவுமில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் பின், ஒருவர் இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெற வழியுண்டு. அதைக்கூட எடுக்க மனமில்லாத பெண்கள் இருக்கிறார்கள். அது அவரவர் முடிவு. எடுக்காதவர்கள் விவாகச் சான்றிதழையும் அதே காணியில் வசிப்பதற்கான கிராம அலுவலரின் கடிதத்தையும் வைத்துக்கொண்டு, வேறென்ன ஏற்பார்கள் என்று சபையிற் கேளுங்கள். "ஏலாது" என்றால், ஏன் ஏலாது என்று எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

சாப்பாட்டுக் கடையென்றபடியால் பீ.எச்.ஐ. வந்து பார்ப்பார். புகை வெளியே போக வழி, மூடியுள்ள குப்பைவாளி, ஈ மொய்க்காத அலுமாரி, கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் இடையிலுள்ள தூரம், சமைப்பவரின் மருத்துவப் பரிசோதனை என்று பார்ப்பார்கள். அவரைக் கண்டு ஒளிக்கத் தேவையில்லை. கொட்டில் போடுமுன்னரே அவரிடம் கேட்டால் பிறகு தகரத்தைக் கழற்றும் செலவு மிச்சம். அரைக்கும் ஆலை போடுபவர்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பற்றியும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் கேளாமல், தனியே வந்து காதுக்குள் கேட்ட விடயம் இது. கட்டும் காசுக்குச் சபையின் பற்றுச்சீட்டு இல்லாமல் எவரிடமும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தனியே வரச்சொல்லி, இரவில் போன் எடுத்து, வேறுவிதமாக யாரும் கேட்டால், அதுவும் இலஞ்சந்தான். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைக் குற்றமென்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கந்தோருக்குப் போகும்போது சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அக்கா படிவத்தைத் தன் பெயரிலேயே நிரப்பினார். 'தொழில்' என்ற இடத்தில் 'வீட்டுப்பணி' என்று எழுதப் போனவரை நிறுத்தி, 'உணவக உரிமையாளர்' என்று எழுதச் சொன்னேன். சிரித்துவிட்டு எழுதினார். தம்பியும் சபைக்கு வந்தார், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு.

பீ.எச்.ஐ. வந்து பார்த்து, புகைபோக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம். அடுத்த கிழமை மேசன் வருகிறார்.