கடைசி வண்டி போன பிறகு...

நுங்கம்பாக்கம் பக்கம் உள்ள பெரிய ஓட்டல்களில் இரவு 11 மணி ஆனாலும் கூட்டம் கலைவதில்லை. அங்கே பரிமாறுகிறவர், பாத்திரம் துலக்குகிறவர் எங்கிருந்து வருகிறார்கள்? வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை மாதிரி மின்சார ரயிலை நம்பி வளர்ந்த ஊர்களிலிருந்தும்தான். சென்ட்ரலில் கடைசி வண்டியை விட்டால் அவர்கள் கதி? விடியும்வரை நடைபாதைதான், போலீஸ் கேள்வி வேறு!

கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-ல் தமிழக அரசு உத்தரவிட்டபோது, ஷிப்டு வேலை பார்க்கும் பெண்களுக்கு வாகன வசதி தரவேண்டும் என்று நிபந்தனை போட்டது. நல்ல காரியம். ஆண்பிள்ளைக்கு மட்டும் வீடு வாசல் கிடையாதா?

ஓட்டல் முதலாளிமாரே, நாலு பேர் சேர்ந்து ஒரு வேன் விடுங்கள். ஒரு மேஜை பில்லில் டீசல் செலவு அடங்கிவிடும். இல்லையா, கடைசி வண்டிக்கு முன்னால் ஆளை அனுப்புங்கள். சாப்பிட்டவர் காரில் போகிறார். பரிமாறியவரும் வீடு போய்ச் சேர வேண்டாமா?