குப்பியில் உறங்கிய மீக்கடத்தி

"இந்தத் தரவு முன்பே பலர் தொகுத்ததுதானே; இதில் புதிதாக என்ன இருக்கிறது?" சென்ற மாதம் என் முனைவர் பட்ட ஆய்வுக்குழுக் கூட்டத்தில் எழுந்த வினா இது. மொழியியல் பயின்று, அறிவியல் கலைச்சொற்களின் அமைப்பை ஆராயும் நான், பழைய சொற்பட்டியல்களை மீண்டும் படிப்பதையே முறையாகக் கொண்டிருக்கிறேன். அன்று தக்க விடை கூற இயலவில்லை. பின்னர், என் பட்டியலில் இருந்த ஒரு பெயரே விடையாக அமைந்தது: மெக்னீசியம் டைபோரைடு.

ஒரு மெக்னீசியம் அணுவுக்கு இரண்டு போரான் அணுக்கள் என்பதே அப்பெயர் தரும் செய்தி. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அமைவதுபோல் போரான் அணுக்கள் அறுகோண வலைத்தளங்களாக விரிந்திருப்பதையும், அத்தளங்களுக்கிடையே மெக்னீசியம் அமர்ந்திருப்பதையும் பெயர் சொல்வதில்லை. எனினும் இவ்வமைப்பு 1950களிலேயே அறியப்பட்டது. 1957இல் தாழ்ந்த வெப்பநிலைகளில் அதன் வெப்பக் கொள்ளளவையும் அளந்து வெளியிட்டனர். வேதிப்பொருள் விற்பனையாளரிடமும் அது கிடைத்தது. அது மீக்கடத்தியா என்பதை மட்டும் எவரும் கண்டறியவில்லை.

2001 ஜனவரியில் ஜப்பானின் ஜூன் அகிமிட்சு குழுவினர், 39 கெல்வினில் அது மீக்கடத்தியாகிறது என அறிவித்தனர். அதுவரை இத்தகைய எளிய உலோகச் சேர்மங்களில் உச்சம் ஏறத்தாழ 23 கெல்வினே. பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருந்ததால், சில வாரங்களிலேயே பிற ஆய்வகங்கள் அதை உறுதிசெய்தன. போரான்-11க்கு மாற்றாக எடை குறைந்த போரான்-10ஐ இட்டபோது மாறுநிலை வெப்பநிலை ஏறக்குறைய 1 கெல்வின் உயர்ந்தது. போரான் அணுக்களின் அதிர்வே எலக்ட்ரான்களை இணைசேர்க்கிறது என்னும் விளக்கம் அதனால் வலுப்பெற்றது. அரை நூற்றாண்டுக்கு முன் வரைந்த அணுவமைப்பு அப்போதுதான் முழுப்பொருள் பெற்றது.

பழையதைப் புரட்டுவோர்க்கெல்லாம் இப்பேறு வாய்க்கும் என்று நான் வாதிடவில்லை, பெரும்பாலும் வாய்ப்பதில்லை. குழுவினர் கேட்டதிலும் பிழையில்லை. தரவு பழையதென்றால் ஆய்வும் பழையது என்று முடிவுகட்டுவதே பிழை. புதிய தரவு திரட்டுவோர்க்கு அளிக்கும் மதிப்பை, பழைய அட்டவணையிடம் புதிய வினா எழுப்புவோர்க்கும் நெறியாளர்கள் அளிக்க வேண்டும். இல்லையேல், இருக்கும் குப்பியைத் திறந்து பாராமலே அடுத்த குப்பியை வாங்கிக்கொண்டிருப்போம்.

அடுத்த கூட்டத்தில் இதையே விடையாகக் கூறவிருக்கிறேன். உங்கள் துறையில் இன்னும் திறக்கப்படாத குப்பி எது?