தீவில் மழை பெய்யும் நாள்

இராமேசுவரம் சென்று திரும்பிய குடும்பத்தினரிடம் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டால், "மழை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது, டாக்டர்" என்ற விடையை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடிக்கடி கேட்கிறேன். அறையை விட்டு வெளியே வர முடியவில்லை, தனுஷ்கோடியைப் பார்க்கவில்லை, ஒரு நாள் வீணாயிற்று என்பார்கள். அந்த ஒரு நாளில்தான் அப்பா நிம்மதியாகத் தூங்கினார் என்பதையும் சிலர் போகிற போக்கில் சொல்வதுண்டு. என் போன்ற மருத்துவர்களுக்கு அந்தச் செய்தியே முக்கியம். இதய நோய், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உடையவர்களுக்கு அந்தப் பயணத்தில் வாய்த்த நல்ல நாள் மழை பெய்த நாளே என்பது என் கருத்து.

நம்மவர்களின் இராமேசுவரப் பயணம் எப்படி நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரவு முழுவதும் வேனில் உட்கார்ந்தபடி வருகிறோம். விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் கடல் நீராடல். அதே ஈரத்துணியுடன் கோயிலுக்குள் சென்று 22 தீர்த்தங்களிலும் வாளி நீரைத் தலையில் வாங்கிக்கொள்கிறோம். பிறகு உடை மாற்றித் தரிசனம். அதுவரை வயிற்றில் ஒன்றும் இல்லை. அடுத்து இராமர் பாதம், கலாம் நினைவகம், தனுஷ்கோடி. அன்றிரவே ஊர் திரும்ப வண்டி ஏறியாக வேண்டும். இருபது வயதுப் பேரனுக்கு இது இயலும். எழுபது வயதுத் தாத்தாவுக்கு இதனால் நேர்வது வேறு.

குளிர்ந்த நீர் உடலில் படும்போது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயத்தின் வேலை கூடுகிறது. காலையில் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். அப்போது தோன்றும் நடுக்கத்தையும் வியர்வையையும் நனைந்த உடலில் யார் கண்டுகொள்வார்கள்? குளிர் என்றுதான் நினைப்பார்கள். உணர்ச்சி குறைந்த பாதங்களுடன் ஈரக் கற்களில் வெறுங்காலோடு நடப்பவருக்குச் சிறு கீறலும் தெரியாது. இவற்றுக்கெல்லாம் மேலாக நான் அஞ்சுவது ஒன்று உண்டு. வழியில் கழிவறை தேட வேண்டுமே என்று பலர் நீர் மாத்திரையைப் பயண நாள்களில் விட்டுவிடுகிறார்கள். இதயம் பலவீனமானவருக்கு இரண்டொரு நாளிலேயே கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கிவிடக்கூடும்.

மழை வந்து இந்த ஓட்டத்தை நிறுத்தும்போது நாம் அதை வைகிறோம். உள்ளூர்க்காரர்கள் வைவதில்லை. அரசு ஊழியரை மிரட்ட "தண்ணி இல்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று சொல்லும்போது பலருக்கும் நினைவுக்கு வருவது இராமநாதபுரம் மாவட்டம்தான். வடகிழக்குப் பருவத்தின் சில வார மழையை நம்பியே அங்கே கண்மாய்கள் இருக்கின்றன. விடுதி வாசலில் நின்று வானத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் பயணியின் அருகிலேயே, அதே மழையை மகிழ்ச்சியோடு பார்த்து நிற்கும் தேநீர்க் கடைக்காரர் இருப்பார்.

அன்று என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிட்டு, விட்டுப்போன மாத்திரைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு, உறங்கலாம். குளிர்ந்த நாளில் தாகம் தெரியாது; மருத்துவர் அளவு குறித்திருந்தால் அதன்படியும், இல்லையென்றால் அவ்வப்போதும், காய்ச்சி ஆறிய நீரைக் குடிக்க வேண்டும். மழைக்கு இதமாக இருக்கிறதென்று பஜ்ஜியும் கருவாடும் மிகுந்தால் உப்பும் மிகும். பாதங்களை விரலிடுக்கு வரை துடைத்து உலர்த்தி, வெளிச்சத்தில் பாருங்கள். நாள் முழுவதும் படுத்தே இருக்கவும் கூடாது; மணிக்கொருமுறை எழுந்து நடக்க வேண்டும். மழை சற்று ஓய்ந்தால் கோயில் பிராகாரத்திற்குச் செல்லலாம். வெளிப் பிராகாரத்தில் மட்டும் ஏறத்தாழ 1,212 தூண்கள். பிராகாரங்களின் மொத்த நீளம் சுமார் 3,850 அடி, அதாவது ஒரு கிலோமீட்டருக்கும் சற்று மிகுதி. சேதுபதி மன்னர்களின் திருப்பணியான இந்தக் கூரையின் கீழ், அவசரமின்றி நடக்கும் முதியவரைப் போல நல்ல உடற்பயிற்சி செய்பவர் வேறு யார்? நீராடி வருவோரின் ஈரத்தால் தரை வழுக்கும். ஒருவர் கைபிடித்துச் செல்வது நலம்.

நேர்த்திக்கடன் என்னாவது, விடுப்பு முடிகிறதே, இவ்வளவு செலவு செய்து வந்தோமே என்ற கேள்விகளை நான் அலட்சியப்படுத்தவில்லை. செலவு உண்மை; நம்பிக்கையும் உண்மை. ஆனால் 22 தீர்த்தங்களையும் நோயாளியே நனைந்து முடிக்க வேண்டுமா? மகனோ மகளோ நீராட, பெரியவர் ஒரு கை நீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதாதா? இதைக் குடும்பத்தார்தான் முதலில் சொல்ல வேண்டும். பெரியவர்கள் தாங்களாகக் கேட்க மாட்டார்கள். பிள்ளைகளின் பயணம் தம்மால் கெடக்கூடாது என்று மூச்சு வாங்குவதையும் மறைப்பார்கள். திட்டமிடும்போதே எந்த இடமும் எழுதப்படாத ஒரு நாளைச் சேர்த்துவிட்டால், மழை வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஓய்வு அவர்களுக்குக் கிடைக்கும்.

எல்லா மழையும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல், தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணிகள் ரயிலையே கடலுக்குள் இழுத்துச் சென்றது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் மீனவர்களே கடலுக்குச் செல்வதில்லை. அன்றைய கூலியை இழந்து வீட்டில் இருக்கிறார்கள். அன்று அரிச்சல்முனையில் படம் எடுக்க வண்டி பிடிப்பது வீண் துணிச்சல்.

ஓய்வு தீர்க்காத தொல்லைகளும் உண்டு. மார்பில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, படுத்தால் கூடும் மூச்சுத்திணறல், திடீரென வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். இராமேசுவரத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமானால், பாம்பன் பாலத்தைக் கடந்து 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மழையில் நேரம் இன்னும் கூடும். ஆகவே மழை விடட்டும், விடியட்டும் என்று அறையில் காத்திருக்காதீர்கள்.